நங்கூரம் போட்டவன் கோழையா?

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டு நிற்பவருக்குக் கடல் என்பது டிவியில் வரும் சமாச்சாரம். கண்ணில் படுகிற பெரிய தண்ணீர் என்றால் தென்கால் கண்மாய்தான், அதுவும் மழை ஏமாற்றாத வருஷத்தில்! நிஜமான கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடல் செய்திகள் மதுரைக்கும் வந்துவிடும். "பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." டிவியின் அடியில் இந்த வரி ஓடும். டீக்கடையில் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த வரி யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர் அந்த ராத்திரி என்ன செய்துகொண்டிருப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

அவர் காத்துக்கொண்டிருப்பார். இந்தக் கட்டுரை அந்தக் காத்திருப்பைப் பற்றியது.

கூண்டு என்றால் என்ன?

முதலில் ஒரு சின்னப் பாடம். துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கை அடையாளங்கள் மொத்தம் பதினொன்று. பகலில் கம்பத்தில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளைத் தொங்கவிடுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 என்றால் தூரத்தில் ஒரு காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, புயலாகலாம் என்று பொருள். 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் அதில் போய் மாட்டலாம். 3 என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடலாம். 4 என்றால் புயலே இந்தப் பக்கம் வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பதினொன்றில் மிகப் பயங்கரமானது இந்தக் கடைசி எண்தான். புயல் எங்கே என்று சொல்ல ஆளே இல்லை!

டிவி செய்தியில் எண்ணைக் கேட்கும்போது அடுத்த தடவை இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நிற்காதே, ஓடு"

பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய வாசகம் முதல் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் வரை எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. நிற்காதே. தயங்காதே. அலைகளை எதிர்த்துப் போ. கடலையும் கப்பலையும் உவமையாக எடுத்துக்கொள்ளும் பேச்சாளர்கள் எல்லோரும் புயலைக் கிழித்துக்கொண்டு போகும் மாலுமியைத்தான் காட்டுகிறார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கேலிக்குரியது அவர்களுக்கு.

உண்மையில் கடல் தெரிந்தவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றுகிறவர்கள் மத்தியில் ஒரு கிண்டல் உண்டு: படகில் வைத்திருக்கக் கூடாத பொருள் காலண்டர். 'இந்தத் தேதிக்குள் அங்கே போயாக வேண்டும்' என்று முடிவு கட்டிக் கிளம்பியவன்தான் புயலில் மாட்டுவான். அவர்கள் நாட்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு குடாவில் நங்கூரம் போட்டு, காற்று மாறுவதற்காக உட்கார்ந்திருப்பதிலேயே போகும்.

சும்மா உட்கார்ந்திருப்பதா? அங்கேதான் கரைக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

சும்மா நிற்பது சும்மா இல்லை

நங்கூரத்தைத் தண்ணீரில் எறிந்தால் படகு நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நங்கூரத்தின் எடை மட்டும் படகை நிறுத்துவதில்லை. அது தரையைக் கவ்வ வேண்டும். கலப்பை மண்ணில் இறங்குவது போல அதன் கொழு கடல்தரையில் புதைய வேண்டும். அதற்குச் சங்கிலி தரையோடு படுத்தபடி, படுக்கை வாட்டத்தில் இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அதனால்தான் நிறையச் சங்கிலி விடுகிறார்கள். ஐந்து மீட்டர் ஆழம், படகின் முகப்பு தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஆறு. சாதாரண நாளில் அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது முப்பது மீட்டர். புயல் வருகிறதென்றால் ஏழு மடங்கு, பத்து மடங்கு. நாற்பது, அறுபது மீட்டர் வரை போகும். ஆனால் அவ்வளவு நீளம் விட்டால் படகு அவ்வளவு பெரிய வட்டத்தில் சுற்றும். பக்கத்துப் படகும் அப்படியே சுற்றும். இரண்டும் இடிக்காமல் இருக்கவேண்டும்.

தரையும் முக்கியம். சேறும் களிமண்ணும் நன்றாகக் கவ்வும். பாறையில் ஒன்று மாட்டிக்கொள்ளும், இல்லை வழுக்கும். பவளப்பாறையில் போடுவது பாவம். நங்கூரமும் போகும், பவளமும் போகும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியிருப்பது பவளம்தான்.

அடுத்து காற்றின் கணக்கு. பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்குப் புரியும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் காற்றில் நிம்மதியாக நின்ற படகு, அறுபதில் நான்கு மடங்கு இழுக்கும். நூற்றிருபதில் பதினாறு மடங்கு!

இதையெல்லாம் செய்து முடித்த பிறகு தூங்கலாமா? முடியாது. கயிறு படகின் விளிம்பில் உரசி உரசி அறுந்துபோகும் என்பதால் அந்த இடத்தில் துணியோ ரப்பர் குழாயோ சுற்றி வைத்து, அதை மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். கரையில் ஒரு கலங்கரை விளக்கம், அதன் பின்னால் ஒரு பனைமரம் என்று இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தக் கோடு விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலகிக்கொண்டே போனால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்று பொருள். ஜி.பி.எஸ். கருவியில் அலாரம் வைக்கலாம்தான். ஆனால் அலாரம் அடித்ததும் எழுந்து, இருட்டில், மழையில், ஆடும் படகின் முனைக்குப் போய் ஏதாவது செய்ய ஒரு மனுஷன் வேண்டுமே!

மூன்றாவது நாள்தான் மோசமானது. உடம்பெல்லாம் ஈரம். தூக்கமில்லை. காற்று கயிறுகளுக்குள் புகுந்து ஊளையிடும் சத்தம் நின்றபாடில்லை. திடீரென்று ஒரு மணி நேரம் வானம் வெளுக்கும். "இப்பவே கிளம்பிடலாமா?" என்று மனசு கேட்கும். புயலின் கண் மேலே வரும்போதும் அப்படித்தான் வெளுக்கும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். சங்கிலியைத் தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்குத்தான் அப்போது துணிச்சல் தேவை.

பாம்பனின் இரண்டு கடல்கள்

இந்த வித்தை ஏதோ வெள்ளைக்கார உல்லாசப் படகுக்காரர்களின் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். ராமநாதபுரம் கடற்கரையில் இது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பாம்பனுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் தீவின் மறைவில் கிடக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வடகடல் பக்கம் மறைவு. காற்றுக்கு ஏற்றபடி படகை மறைவுள்ள பக்கத்துக்குக் கொண்டுபோவது அந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டுத் திண்ணையில் வெயிலுக்கு நகர்ந்து உட்காருவது மாதிரி.

ஆனால் புயல் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது கிட்டே வரும்போது முதலில் வடக்கிலிருந்து காற்று. புயலின் மையம் ஊருக்குத் தெற்கே போனால் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. எப்படிப் போனாலும் கடைசியில் தெற்கிலிருந்து அடிக்கும். அதாவது சாயங்காலம் 'வாடைக்கு மறைவு' என்று தென்கடலில் கட்டிய படகை விடியற்காலையில் தென்காற்று கரையை நோக்கித் தள்ளும். அடைக்கலம் கொடுத்த கரையே எமனாகிவிடும். எங்கே நிற்பது என்பதை இப்போதைய காற்றைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நாளைக்கு வரப்போகும் காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்குப் புயல் எந்தப் பக்கம் போகும் என்ற தகவல் வேண்டும்.

2020 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. இலங்கையைக் கடந்து வந்த புரெவி, வலுவிழந்து, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றுவிட்டது. புயலே நங்கூரம் போட்டால் படகு என்ன செய்யும்? அதுவும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னும் பின்னால் போனால் மதுரைக்கே இதில் பங்கு உண்டு. வைகை கடலைச் சேரும் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. அந்தக் காலத்து யவனக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்து, வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பின. நடுவில் பல வாரங்கள் காற்று மாறுவதற்காகக் காத்திருந்தன. பாண்டியர் முத்துக்கு ரோமில் விலை கிடைத்தது காத்திருக்கத் தெரிந்தவர்களால்தான். தூத்துக்குடித் தோணிகளும் தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கிளம்புவதில்லை. பழுது பார்ப்பதும் பலகை மாற்றுவதும் அப்போதுதான்.

உலகம் சுற்றியவர்களும் நின்றார்கள்

பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் கடற்படையின் திலீப் தோண்டே. 2009 ஆகஸ்டில் கிளம்பி 2010 மே மாதம் திரும்பினார். நடுவில் நான்கு துறைமுகங்களில் நின்றார். அதனால் அவர் சாதனை குறைந்துவிட்டதா? 2017 செப்டம்பரில் 'தாரிணி' என்ற படகில் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். திட்டமிட்ட நான்கு துறைமுகங்களுக்கு மேல், சுக்கான் இயக்கத்தில் கோளாறு வந்ததும் மொரிஷியஸில் ஐந்தாவதாக ஒன்றில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டார்கள். 2018 மே மாதம் கோவா திரும்பினார்கள். அதே தாரிணியில் 2024 அக்டோபரில் கிளம்பிய இருவரில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்தின் தில்னா. எட்டு மாதம் கழித்து, 2025 மே மாதம் பத்திரமாகத் திரும்பினார்கள்.

நிற்க இடமே இல்லாத கடலும் உண்டு. 2018இல் கோல்டன் குளோப் போட்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்த அபிலாஷ் டோமியின் படகு, செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தூரத்தில் புயலில் உருண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அங்கே தரை கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் இருக்கிறது. எந்த நங்கூரம் எட்டும்? முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானையும் கட்டிவிட்டு, படகு தானாக மிதக்கும்படி விடும் ஒரு முறை இருக்கிறது. நடுக்கடலில் 'நிற்பது' என்றால் அவ்வளவுதான். அதுவும் எல்லா அலைக்கும் தாங்காது. அந்த டோமிதான் 2023 ஏப்ரலில் அதே போட்டியை இரண்டாவதாக முடித்தார். ஐந்து வருஷம் காத்திருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

இவ்வளவு பெரிய ஆட்களே காத்திருப்பதை அவமானமாக நினைக்கவில்லை. சரி, அப்படியென்றால் ஏன் நம்மூர்க் கடலில் ஒவ்வொரு புயலிலும் சாவு?

காத்திருக்க மூன்று வேண்டும்

உல்லாசப் படகுக்காரரிடம் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. புயல் எங்கே என்ற தகவல். ஒதுங்க ஒரு இடம். காத்திருக்கும் நாட்களில் சாப்பிடக் காசு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறுமை என்ற குணத்தால் பிரயோஜனம் இல்லை. நம்மூர்ச் சரித்திரத்தில் மூன்றுக்கும் உதாரணம் இருக்கிறது.

முதலாவது தகவல். 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு ஓட்டுநர் கிளம்பிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. கடல் ரயிலையே விழுங்கியது. நூறு பேருக்கு மேல் போனார்கள். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எதற்காக நிற்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. பதினோராம் எண் கூண்டு இதுதான்.

53 வருஷம் கழித்து, 2017 நவம்பர் 30. ஒக்கி. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரே நாளில் புயலாக வளர்ந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாட்கள் முன்பே கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தன. செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும். படகின் வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டர். எச்சரிக்கை கரையில் இருந்தது, மனிதர்கள் கடலில் இருந்தார்கள். தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அதே புயலில் இன்னொரு பக்கமும் உண்டு. லட்சத்தீவுகளில் ஒதுங்கிப் பிழைத்த படகுகள் இருந்தன. மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரைக்கு 60க்கும் மேற்பட்ட படகுகளில் 900க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒதுங்க நேரமும் இடமும் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே கடலில் தொழில் பழகியவர்கள்தான். வித்தியாசம் வீரத்தில் இல்லை.

அதற்குப் பிறகு இதில் கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் 'ஜெமினி' கருவி வந்தது. ஆனால் அதில் செய்தி கேட்கலாம், பேச முடியாது. 2024இல் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தை 364 கோடி ரூபாயில் மத்திய அரசு தொடங்கியது. தாமதம்தான், ஆனாலும் சரியான திசை.

இரண்டாவது இடம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தது. இந்தத் தடவை எச்சரிக்கை நாட்கணக்கில் முன்பே போயிருந்தது. படகுகள் கரை திரும்பியிருந்தன. கடலில் ஒக்கி மாதிரிச் சாவு இல்லை. ஆனால் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை கரைகளில் கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி நொறுங்கின. சில படகுகள் தரைமேல் தூக்கி வீசப்பட்டன. சொன்னபடி கேட்டுத் திரும்பி வந்தவனின் சொத்து கரையிலேயே போயிற்று! அவன் அடுத்த எச்சரிக்கையை எப்படிக் கேட்பான்? குமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் அலையில் படகு கவிழ்ந்து ஆட்கள் இறந்த செய்திகள் வந்துகொண்டே இருந்தன. புயலுக்கு ஒதுங்குவதற்கான வாசலே ஆபத்தாக இருந்தால் ஒதுங்குவது எப்படி?

காத்திருக்கும் நாளுக்குக் கூலி உண்டா?

மூன்றாவது காசு. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. கடலுக்குப் போக மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. ஒரு காற்றழுத்தத் தாழ்வு மூன்று நான்கு நாள் நின்றால் அந்த வாரமே போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் இப்படி வரிசையாக வரும். படகில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனில் பங்கு. மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. படகு முதலாளிக்கு வாங்கிய ஐஸ் கரைகிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது.

உல்லாசப் படகுக்காரர் ஒரு வாரம் காத்திருந்தால் அவருக்கு நஷ்டம் ஒரு வாரம். மீனவர் காத்திருந்தால் அடுப்பில் உலை இல்லை. ஒரே நங்கூரம்தான், ஆனால் சங்கிலியின் மறுமுனை வேறு வேறு இடத்தில் கட்டியிருக்கிறது.

அதனால்தான் சிலர் எச்சரிக்கை முழுதாக விலகும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். உடனே கரையில் இருப்பவர்கள் "பேராசை, சொன்னா கேக்குறானுங்களா?" என்கிறார்கள். ஏசி அறையில் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு அடுத்தவரின் பொறுமையை அளப்பது சுலபம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் புதிதல்ல. மீன் இனப்பெருக்கத்துக்காக ஒவ்வொரு வருஷமும் தடைக்காலம் வருகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2017க்கு முன் 45 நாளாக இருந்தது, பிறகு 61 நாளாயிற்று. அதற்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000ஆக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். மீன் குஞ்சு பொரிப்பதற்காக மனிதன் காத்திருந்தால் காசு உண்டு என்று ஒப்புக்கொண்டாயிற்று. மனிதன் உயிர் பிழைப்பதற்காகக் காத்திருந்தால் ஏன் கூடாது?

கேரளம் இதை ஒரு தடவை செய்துகாட்டியது. 2021 கடைசியில் மோசமான வானிலையால் கடலுக்குப் போக முடியாமல் போன நாட்களுக்காக, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய் கொடுத்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் 'காத்திருந்த நாளும் உழைத்த நாள்தான்' என்று ஒரு அரசாங்கம் கணக்கில் எழுதியது.

தமிழகத்திலும் இதை ஒரு விதியாகவே வைக்கலாம். கூண்டு ஏறியது, டோக்கன் நிறுத்தப்பட்டது என்றால் அந்த நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறிவிட வேண்டும். எந்த நாள் டோக்கன் நிறுத்தப்பட்டது என்ற கணக்கு அரசு அலுவலகத்திலேயே இருக்கிறது. மனு எழுத வேண்டாம், யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம்.

இதை எதிர்ப்பவர்களும் இருப்பார்கள். "மழை பெய்தால் மதுரையில் கொத்தனாருக்கும்தான் வேலை இல்லை. அவருக்கு யார் கொடுக்கிறார்கள்?" நியாயமான கேள்வி. அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொத்தனாரை வேலைக்குப் போகாதே என்று அரசாங்கம் உத்தரவு போடுவதில்லை. மீனவரைப் போடுகிறது. உத்தரவு போடுகிறவர்தான் அதன் செலவில் பங்கெடுக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: "எச்சரிக்கை பல தடவை பொய்த்துப் போகிறதே, அதற்கெல்லாம் காசா?" பொய்த்துப்போகும் எச்சரிக்கைக்குத்தான் முக்கியமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை கடலுக்குப் போகாமல் பட்டினி கிடந்து, புயல் வேறு பக்கம் போய்விட்டால், மூன்றாவது தடவை யார் கேட்பார்கள்? அந்த மூன்றாவது தடவை ஒக்கியாக இருந்தால்? வெட்டியாகப் போன காத்திருப்புக்குக் கொடுக்கும் காசு, அடுத்த எச்சரிக்கையின் மேல் வைக்கும் நம்பிக்கைக்கான விலை. ஒரு மீட்பு ஹெலிகாப்டர் ஒரு வாரம் சுற்றித் தேடுவதை விட அது மலிவாகத்தான் இருக்கும்.

கடைசியாக...

நங்கூரம் போட்டு நிற்பவன் கோழை இல்லை. அவன் அந்த நேரத்தில் கயிறு பார்க்கிறான், காற்று பார்க்கிறான், கரையிலிருக்கும் பனைமரத்தைப் பார்க்கிறான், கிளம்பச் சொல்லும் தன் மனசோடு மல்லுக்கட்டுகிறான். அவனுக்குத் தகவலும் இடமும் காசும் கொடுத்துவிட்டால் போதும். பொறுமையை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த கார்த்திகையில் திருநகர் டீக்கடை டிவியில் அந்த வரி ஓடும்போது, நாளைக்கு லீவா என்று கேட்பதற்கு முன்னால் கூண்டின் எண்ணைப் பாருங்கள். பாம்பனில் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, படகைக் கட்டிவிட்டு, சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.